சத்தம் யார் வீட்டில் என்று நடந்த வாக்கெடுப்பு

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டு முடித்தவர்கள் எல்லாரும், "பாவம், பொண்ணுக்குக் காதுல ஏதாச்சும் கோளாறு இருந்திருக்கும்" என்று எனக்காக ஒரு காரணத்தைத் தேடித் தருகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த உடல் பரிசோதனையில் என் இரண்டு காதுகளும் தேறிவிட்டன. தேறாமல் போனது வேறு ஏதோ ஒன்று. அதற்கு இன்னும் பரிசோதனை கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, பத்து காஜா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, தொழிலாளர் லயங்களில் இருந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தின் ஓரத்திலேயே வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். எதிரும் புதிருமாக முப்பத்திரண்டு வீடு, நடுவில் ஒரு தார்ச்சாலை, மூலையில் கோயில், பின்னால் பெரிய வடிகால், அதற்கப்பால் செம்பனை. லயத்தில் இருந்தது பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள் என்பது வரை தெரியுமாம். செங்கல் வீட்டுக்குக் குடிவந்த அன்று அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "அப்பாடா" என்றாராம். அந்த "அப்பாடா"வுக்குள்தான் நான் வளர்ந்தேன்.

வரிசையில் கடைசி வீடு அஞ்சலை பெரியம்மாவுடையது. அதை ஒட்டியது எங்களுடையது. பெரியம்மா என்று கூப்பிடுவது மரியாதைக்கு. உறவு ஒன்றும் கிடையாது. அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் செல்வி கல்யாணமாகி ஜோகூரில் இருந்தார். தோட்டம் இருந்தவரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பெரியம்மா, தோட்டம் போன பிறகு ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே பிரச்சினை, எங்கள் மாமரம். அதன் இலைகள் அவர் வாசலில் விழும். அவர் அவற்றைக் கூட்டி எங்கள் வாசலில் கொட்டுவார். கொட்டும்போது பேசுவார். காலை ஆறரை மணிக்கு, சரியாக என் சன்னலுக்குக் கீழே நின்று பேசுவார்.

"மரம் வைக்கத் தெரியுது, கூட்டத் தெரியாதா? காலேஜுக்குப் போற பிள்ளைக்குத் தொடப்பம் புடிச்சா கை தேஞ்சிருமா?"

எனக்கு அப்போது இருபது வயது. ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. என் கை தேயவில்லை. கட்டை விரல் மட்டும் கைப்பேசியில் தேய்ந்துகொண்டிருந்தது. தாமானுக்கென்று ஒரு புலனக் குழுவை ஆரம்பித்தவளும் நான்தான். (வாட்சாப்பை எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் புலனம் என்றுதான் எழுதும். பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.) ஆரம்பித்தவள் என்ற முறையில் அட்மினும் நானே. அந்தப் பதவிக்கு இருந்த அதிகாரத்தை மாவட்ட அதிகாரியின் அதிகாரத்துக்குச் சற்று மேலே வைத்துத்தான் அப்போது நான் மதிப்பிட்டிருந்தேன்.

கோயில் கொட்டகையில் நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்து நின்று குழுவின் விதிகளை வாசித்தேன். முதல் இரண்டு விதிகள் யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது, யாருக்காவது குறை இருந்தால் குழுவில் எழுத வேண்டும், வாசலில் போய் நின்று சத்தம் போடக் கூடாது. நான்காவது, முன்கூட்டிச் செய்தி அனுப்பாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. இந்த இரண்டையும் எந்த ஒரு நபரை மனத்தில் வைத்து எழுதினேன் என்பது கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எதிர்வீட்டு மணியம் அண்ணன் கைதட்டினார். மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். "நல்லாருக்குலா! இனிமே சண்ட போடணும்னாகூட டேட்டா வேணும்."

பின்வரிசையிலிருந்து அஞ்சலை பெரியம்மா கேட்டார். "என்கிட்ட பட்டன் போனுதான் இருக்கு. அப்ப நான் யார்கிட்டலா சொல்றது?"

"செய்தியா அனுப்புங்க பெரியம்மா," என்றேன்.

"எழுதத் தெரிஞ்சா அனுப்ப மாட்டேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா, "அவங்களுக்குன்னு ஏதாச்சும் செய்யக்கூடாதா?" என்று கேட்டபோது, "அவங்கதான் மாறிக்கணும்மா. உலகம் அவங்களுக்காக நிக்காது," என்று பதில் சொன்னேன். (உலகத்தின் சார்பில் பேசும் அதிகாரத்தை இருபது வயதில் எனக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.)

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பாகான் டத்தோவில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை. அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு கட்டுரையை இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டும். பொதுப் பாடம் ஒன்றுக்கான சிந்தனைக் கட்டுரை. தலைப்பு, நான் பொய் சொல்லவில்லை, "தொழில்நுட்பச் சார்பும் உள்ளூர்ச் சமூக வாழ்வும்: ஒரு மாணவரின் பார்வை". மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரமும் கைப்பேசியில் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு எழுந்து, பின்னறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். வைஃபை நன்றாகக் கிடைப்பது அங்கேதான். எங்கள் பின்னறைச் சுவரும் அஞ்சலை பெரியம்மாவின் குளியலறைச் சுவரும் ஒன்றே. ஒற்றைச் செங்கல். அந்தப் பக்கம் அவருடைய வானொலி வழக்கம்போல உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வானொலி தாமானுக்கே பொது.

முதல் வரியைத் தட்டினேன். "இன்று நாம் ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவரோடு பேசுகிறோம், அடுத்த வீட்டில் இருப்பவரின் நலனை அறிவதில்லை." எழுதிவிட்டு நானே மெய்சிலிர்த்துப்போனேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக், டொக், டொக்.

காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன். அதையும் மீறி அந்தச் சத்தம் மேசைக்கால் வழியாக ஏறி வந்தது. கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு என் விதிகளில் மூன்றாவது விதிப்படி, குழுவில் எழுதினேன்.

"காலை வணக்கம். யார் வீட்டுல ரெனோவேஷன் நடக்குது? ஞாயித்துக்கிழமையாச்சும் அமைதி வேணும். படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. புரிந்துணர்வுக்கு நன்றி." கடைசியில் ஒரு கும்பிடு கை.

குழு உயிர்பெற்றது. மணியம் அண்ணன் முதலில் எழுதினார். "என் வீடு இல்ல. நான் இன்னும் எந்திரிக்கவே இல்ல." எங்கள் வீட்டுக்கு மறுபக்கம் இருக்கும் கலா அக்கா, "எனக்கும் லேசா கேக்குது. யாரோ மிளகா இடிக்கிறாங்க போல," என்று குரல் பதிவு அனுப்பினார். ஒருவர் மரங்கொத்தி என்றார். இன்னொருவர் மரங்கொத்தியின் படத்தை அனுப்பினார். அது மரங்கொத்தி இல்லை, மீன்கொத்தி என்று மூன்றாமவர் திருத்தினார். அரை மணி நேரம் பறவைகளைப் பற்றிப் பேச்சு போனது. யாரோ, "அஞ்சலை அக்கா வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டதற்கு, "ரேடியோ போட்டிருக்காங்களே, ஜாலியாத்தான் இருக்காங்க," என்று பதில் வந்தது. அதற்கு ஒன்பது பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

சத்தம் நிற்கவில்லை. அட்மின் என்ற முறையில் ஒரு முடிவுக்குக் கொண்டுவர நினைத்தேன். வாக்கெடுப்பு ஒன்றைத் தயாரித்துக் குழுவில் போட்டேன். "சத்தம் எங்கிருந்து வருது?" பின்னால் உள்ள லோங்காங் (வடிகாலுக்கு எங்கள் ஊர்ப் பெயர்), காலியாகக் கிடக்கும் வீடு, கடைசி வீடு, சத்தமே இல்லை சும்மா மனப்பிரமை என்று நான்கு விடைகள். பதினேழு பேர் ஓட்டுப் போட்டார்கள். கோயில் தலைவர் தேர்தலுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. வடிகாலுக்கு ஒன்பது, காலி வீட்டுக்கு ஐந்து, மனப்பிரமைக்கு இரண்டு. அஞ்சலை பெரியம்மா இருந்த கடைசி வீட்டுக்கு ஒன்று.

வடிகால் வென்றது. ஜனநாயக முறைப்படி ஒரு பிரச்சினை தீர்ந்துவிட்ட நிம்மதியோடு நான் கட்டுரைக்குத் திரும்பினேன். "முகம் பார்த்துப் பேசும் பண்பு அருகிவருகிறது" என்று எழுதினேன். டொக், டொக், டொக்.

பன்னிரண்டு மணிக்குப் பசித்தது. ஒரு பாக்கெட் மீ (நூடுல்ஸ்) எடுத்து, முட்டை உடைத்து ஊற்றி, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, கணினிக்கு முன்னால் வைத்துச் சாப்பிட்டேன். அதற்குள் சத்தம் மெதுவாகியிருந்தது. மூன்று தட்டு இரண்டாகியது. இடைவெளி நீண்டது. ஒன்றேகால் மணிக்கு அறவே நின்றது.

அப்போது நான் குழுவில் எழுதிய செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். "ஒரு வழியா சத்தம் நின்னுருச்சு. ஒத்துழைப்புக்கு அனைவருக்கும் நன்றி."

பதினொரு பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள்.

மூன்று மணிக்கு மழை வந்தது. எங்கள் கிந்தா வட்டாரத்து மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தூறலில் தொடங்கி வருவதில்லை. வானத்தை அவிழ்த்துக் கொட்டியதுபோல வரும். ஒரு பெரிய இடி. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. தாமான் முழுக்க மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துப்போன ஒன்று. மின்சாரத்தோடு அதுவும் போனது. முடிவுரை பாக்கி. மூன்று மணி நேரம் பாக்கி. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று நான் முதலில் அழுதது அதற்காகத்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

இயர்போனைக் கழற்றினேன். மின்சாரம் போனதில் அந்தப் பக்கத்து வானொலியும் நின்றிருந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல் கேட்டது.

"பிள்ள... யாராச்சும் இருக்கீங்களா பிள்ள..."

காலையிலிருந்து அவர் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருடைய வானொலியே அவர் குரலை மூடிவிட்டிருந்தது. குரல் எடுபடவில்லை என்று தெரிந்துதான் குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்துச் சுவரில் தட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் கதையைக் கேட்பவர்கள், நான் உடனே ஓடினேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் கைப்பேசியை எடுத்தேன். "அஞ்சலை பெரியம்மா வீட்டுல ஏதோ பிரச்சன, யாராச்சும் பாருங்க" என்று குழுவில் தட்டி அனுப்பினேன். செய்திக்குப் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் ஒன்று தோன்றியது. போகவில்லை என்று அர்த்தம். நான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது டிக் அடையாளமாக மாறும் என்று காத்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி முனகிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருத்தி கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அறைக்குள் சிக்னல் தேடி நடந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம். மூன்றாக இருக்கலாம்.

பிறகு ஓடினேன். செருப்பில்லாமல் மழையில் ஓடி மணியம் அண்ணன் வீட்டுக் கேட்டை இரண்டு கையாலும் அடித்தேன். அந்தத் தாமானில் நான் யார் வீட்டு வாசலிலும் நின்று கத்தியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே! அண்ணே! பெரியம்மா விழுந்துட்டாங்கண்ணே!"

மணியம் அண்ணன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பூட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். கலா அக்கா ஒரு போர்வையோடு வந்தார். கிரில் பூட்டை வெட்டி, உள்ளே போய்க் குளியலறையின் பிளாஸ்டிக் கதவை அண்ணன் தோளால் இடித்துத் திறந்தார். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கலா, நீங்க மொதல்ல போங்க," என்றார்.

பெரியம்மா சுவரோரமாகக் கிடந்தார். மார்புக்கு மேல் கட்டியிருந்த சாரம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் கல் இன்னும் கையில் இருந்தது. சுவரில் அவர் தட்டிய இடத்தில் ஒரு கையகலம் சாயம் பெயர்ந்து சிமெண்டு தெரிந்தது.

கலா அக்கா போர்வையைச் சுற்றினார். பெரியம்மாவின் கண் அவரைத் தாண்டி என்மேல் வந்து நின்றது.

"வீட்டுலதான் இருந்தியா பிள்ள?"

"இல்ல பெரியம்மா. இப்பதான் வந்தேன். காலேஜுக்குப் போயிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை. மழை. காலில் செருப்பில்லை. அன்றைக்கு என் வாயில் வந்த பொய் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

"ஓ," என்றார் பெரியம்மா. கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்சைக் கூப்பிடச் சிக்னல் இல்லை. பெயர்ந்து விழுந்த அந்தப் பிளாஸ்டிக் கதவின் மேலேயே அவரைக் கிடத்தி, நான்கு பேர் பிடித்து, மணியம் அண்ணனின் பட்டறை வேனில் ஏற்றினோம். வேன் முழுக்க எண்ணெய் நாற்றம். ஒவ்வொரு மேட்டிலும் பெரியம்மா பல்லைக் கடித்தார்; கத்தவில்லை. கத்துவதற்கு இருந்ததை எல்லாம் காலையிலேயே கத்தித் தீர்த்துவிட்டார். முதலில் பத்து காஜா ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. காலை எட்டு மணிக்குக் குளிக்கப் போனவர். நாங்கள் கதவை உடைத்தபோது மூன்றரை. ஏழரை மணி நேரம்.

அம்மாவும் அப்பாவும் இருட்டும் நேரத்தில் திரும்பினார்கள். அம்மா பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் கைப்பேசி. குழுவில் நடந்ததை எல்லாம் அவரும் கல்யாண மண்டபத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நீ திட்டுவேன்னு எனக்குத் தெரியும்மா," என்றேன்.

"நான் எந்த வாய வச்சித் திட்டுறது?" என்றார் அம்மா. "அங்க உக்காந்து பாயாசம் குடிச்சிக்கிட்டே நானும் லோங்காங்குக்கு ஓட்டுப் போட்டேன்டி."

அப்பா எழுந்து வெளியே போனார். அவரும் போட்டிருந்தார். மனப்பிரமைக்கு.

கட்டுரை என்ன ஆனது என்று சிலர் கேட்பார்கள். மறுநாள் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி அவகாசம் கேட்டேன். காரணம் என்ற இடத்தில், "அண்டை வீட்டாருக்கு ஏற்பட்ட அவசரத்தில் உதவ வேண்டியிருந்தது" என்று எழுதினேன். கூசாமல்தான் எழுதினேன். உடனே அவகாசம் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துக் கட்டுரை 'ஏ' மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. கீழே ஒரு குறிப்பு இருந்தது. "மிக நேர்மையான எழுத்து. உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும்."

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள், கலா அக்காவோடு நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண்கள் வார்டு. எட்டுக் கட்டில். பெரியம்மாவின் மகள் செல்வி அக்கா ஜோகூரிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சூப் கொண்டுபோயிருந்தோம். நான் கட்டிலின் கால்மாட்டில், அம்மாவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

செல்வி அக்காதான் ஆரம்பித்தார். "காலையிலேருந்து தட்டியிருக்காங்க. ஒருத்தர் காதுலயுமா விழல?"

கலா அக்கா நல்லவர். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "விழுந்துச்சு செல்வி! எல்லாருக்கும்தான் விழுந்துச்சு. தர்ஷினி ஓட்டெடுப்பே வச்சாளே!"

செல்வி அக்கா, "என்ன ஓட்டெடுப்பு?" என்றார். கலா அக்கா கைப்பேசியை எடுத்தார். அம்மா அவர் முழங்கையை இடித்தார். அக்காவுக்கு உறைக்கவில்லை. முதல் செய்தியிலிருந்து, நேரத்தோடு, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். ரெனோவேஷன். மிளகாய் இடிப்பது. மரங்கொத்தி. மீன்கொத்தி. ரேடியோ போட்டிருக்காங்களே, ஜாலியாத்தான் இருக்காங்க. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீன அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சாப்பிடுவதை நிறுத்தினார். "ஒத்துழைப்புக்கு அனைவருக்கும் நன்றி" என்ற இடத்துக்கு வந்ததும் கலா அக்காவின் குரலே தேய்ந்து நின்றுவிட்டது. தான் வாசிப்பது என்ன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அஞ்சலை பெரியம்மா கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எனக்கு எத்தன ஓட்டு?"

"என்னக்கா?"

"அதான், என் வீட்டுலேருந்து சத்தம் வருதுன்னு எத்தன பேரு போட்டாங்க?"

கலா அக்கா கைப்பேசியைப் பார்த்தார். "ஒண்ணுக்கா."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததால் நிறுத்தினார். நிறுத்த முடியாமல் மறுபடி சிரித்தார். "பரவால்ல. டெபாசிட் போச்சு. யாரு அந்தப் புண்ணியவான்?"

யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைத் தட்டிப் பார்த்தால் அது காட்டிவிடும். கலா அக்கா தட்டினார். பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தர்ஷினி," என்றார்.

ஆமாம். அந்த ஒரு ஓட்டு என்னுடையது. சத்தம் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று முதல் தட்டிலேயே எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன்னால்தான் மாவிலைக்காக அவரோடு பெரிய சண்டை போட்டிருந்தேன். அந்தக் கோபத்தில், எனக்குப் படிக்கிற வேலை இருப்பது தெரிந்தே அவர் வேண்டுமென்று எதையோ உடைக்கிறார் என்று முடிவுகட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் மறுபடி சண்டை வரும். அதனால் ஊரைக் கூட்டி, நானும் ஒரு ஓட்டைப் போட்டு, அவர்மேல் குற்றம் தானாகத் தீர்மானமாகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மற்ற பதினாறு பேருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

"நான் வீட்டுலதான் இருந்தேன் பெரியம்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றார் பெரியம்மா. "மத்தியானம் மீ வாசம் வந்துச்சு. முட்ட போட்டிருந்த."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "இங்க நின்னு அழாத. நான் போயிட்டேன்னு நெனச்சி நர்சு ஓடி வந்துருவா," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். செல்வி அக்கா என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மின்தூக்கிக்குப் பக்கத்தில், அம்மா வரும்வரை நின்றிருந்தேன். கைப்பேசியை எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசை. எடுத்தேன். குழுவைத் திறந்து அந்த வாக்கெடுப்பை அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் எல்லார் கைப்பேசியிலிருந்தும் அழிக்க முடியவில்லை.

பெரியம்மா நான்கு மாதம் ஜோகூரில் மகள் வீட்டில் இருந்தார். பிறகு, மாடி வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று பிடிவாதம் பிடித்து, கையில் பிடித்து நடக்கும் நான்குகால் சட்டத்தோடு திரும்பி வந்தார். கிளினிக் வேலை போய்விட்டது. அதன் பிறகு அவர் அந்தச் சட்டம் இல்லாமல் நடந்ததே இல்லை. இதில் நகைச்சுவை எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவருடைய குளியலறையிலிருந்து எங்கள் கூடத்துக்கு அப்பா வயர் இழுத்து ஓர் அழைப்பு மணியைப் பொருத்தினார். அவசரத்துக்கு. பெரியம்மா அதை அவசரத்துக்கு ஒருமுறையும் அழுத்தவில்லை. மாவிலை விழுந்த அன்றெல்லாம் அழுத்தினார். மகள் வாங்கிக் கொடுத்த புதுக் கைப்பேசியோடு குழுவிலும் சேர்ந்தார். எழுதத் தெரியாது, அதனால் குரல் பதிவுதான். காலை ஆறரை மணிக்கு முப்பத்திரண்டு வீட்டிலும் அவர் குரல் கேட்கும். வந்த முதல் வாரமே, தர்ஷினி அட்மினாக நீடிக்கலாமா என்று கலா அக்காவைக் கொண்டு ஒரு வாக்கெடுப்பு வைத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு ஓட்டு. அதை நான் போடவில்லை. நான் நீக்கச் சொல்லித்தான் போட்டேன். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று தட்டிப் பார்த்தேன். அஞ்சலை பெரியம்மா. தெரியாமல் விரல் பட்டுவிட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

பதவி போனாலும் பெயர் போகவில்லை. தாமானில் என்னை எல்லாரும் "அட்மின்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பெரியம்மா சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக்கதையையும் நடித்துக் காட்டினார். மேசையில் மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். அந்தக் கதையை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். என்னிடம் இல்லாத பகுதி அவரிடம்தானே இருக்கிறது.

இப்போது கணவரோடும் மகளோடும் ஈப்போவில் இருக்கிறேன். நான் கைப்பேசியில் மூழ்கி, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால், கணவர் குரலை உயர்த்துவதில்லை. சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்று வயது மகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போனால் அப்பாகூடத் தட்டுகிறார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்திருப்பேன். எழுந்து, நேராகப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்து, தரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பேன்.